கே.ஐ.வி. இழுப்பறையில் ஆட்டு விலா

குலசேகரம் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றபோது இலாகாவில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, தனக்குக் கடிகாரம் வேண்டாம், தன்னுடைய ஃபைல் கேபினெட் கிடைத்தால் போதும் என்றார். நான்கு இழுப்பறை வைத்த சாம்பல் நிற இரும்புக் கேபினெட். அவர் உட்கார்ந்த தலைமைக் குமாஸ்தா நாற்காலிக்கு வலப்பக்கம் இருபத்தேழு வருடம் நின்றது. அரசாங்கச் சொத்தை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது என்றார்கள். சரியென்று ஏலம் வரும்வரை நான்கு மாதம் காத்திருந்தார். ஏலத்தன்று அந்தத் துருப்பிடித்த சாமானைக் கேட்க வேறு ஒருவரும் வரவில்லை. ஒரே ஒருவர் ஒரே ஒரு விலை கேட்டால் ஏலம் முறைப்படி நடந்ததாகாது என்று, தான் கேட்ட விலைக்கு மேல் தானே இன்னொரு விலை கேட்டு, அதற்கு மேல் மூன்றாவதும் கேட்டு, கேபினெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனிதர் அப்படி.

இது 1981-இல் நடந்தது. மலாய் நாட்டுத் தீவொன்றில், கெலுகோரில் இருந்த அவருடைய வரிசை வீட்டின் போர்ச்சில் கேபினெட்டை இறக்கியபோது மனைவி தவமணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள என்னத்த வைக்கப் போறீங்க?"

"இறைச்சி."

தவமணி அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் எவ்வளவு சுருக்கமாக வருகிறதோ, விஷயம் அவ்வளவு முற்றியிருக்கிறது என்பது முப்பது வருடக் குடித்தனத்தில் அவளுக்குப் பழகியிருந்தது.

விஷயம் முற்றத் தொடங்கியது அதற்கு ஒரு வருடம் முன்பு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வந்த அமெரிக்க விரிவுரையாளர் ஒருவர் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஊருக்குத் திரும்புமுன் தெருக்காரர்களை அழைத்து, எண்ணெய்ப் பீப்பாய்க்குள் புகைபோட்ட விலா எலும்பு விருந்து வைத்தார். குலசேகரம் மரியாதைக்காகப் போனார். ஒரு துண்டை வாயில் வைத்தார். எலும்பிலிருந்து இறைச்சி தானாக விலகி நாக்கில் உட்கார்ந்தது. அவருடைய கண் தானாக மூடிக்கொண்டது. அதுவரை அவர் எந்தச் சாப்பாட்டையும் பேப்பரைப் பார்த்துக்கொண்டே முடிக்கிறவர். சாப்பிடும்போது கண்ணை மூடியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. விரிவுரையாளர் போகும்போது ஒரு மெல்லிய புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து குலசேகரத்துக்கு ஒரே ஆசை. தன் கையால் புகைபோட்ட இறைச்சியை வாயில் வைத்து, யாராவது ஒரு மனிதர், ஒரே ஒருவர், கண்ணை மூட வேண்டும்.

புத்தகம் பன்றி விலா என்றது. இடப்பக்கத்து வீட்டில் மீரா சாகிப் குடும்பம். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தார். பன்றிப் புகை அவர்கள் வீட்டுக் கொடித் துணியில் படுவது தப்பு என்று குலசேகரம் பன்றியைத் தள்ளினார். மாட்டு நெஞ்சு என்றது புத்தகம். மாடு உள்ளே வந்தால் தான் வெளியே போய்விடுவதாகத் தவமணி சொன்னாள். மாட்டையும் தள்ளினார். மிச்சம் இருந்தது ஆடு. ஆட்டு விலா எவ்வளவு மெலிசு, அதில் இறைச்சி எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இந்த முயற்சி எங்கே போய் நிற்கும் என்பது இப்போதே தெரிந்திருக்கும். குலசேகரத்துக்குத் தெரியவில்லை.

பெயிண்ட் புகை உடம்புக்கு ஆகாது என்று கேபினெட்டை வெறுமனே மூன்று நாள் எரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இழுப்பறைகளின் அடித்தகட்டில் துளை போட்டார். முன்பக்கத்து அட்டைச் சீட்டுகளை மட்டும் முதலிலேயே கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அவற்றைப் பழையபடி செருகினார். அடி இழுப்பறையில் 'முடிந்தவை' என்று எழுதியிருந்தது. அதில் கரியும் ரம்புத்தான் பழமர விறகும். அதற்கு மேல் 'லீவு விண்ணப்பங்கள்'. அதில் ஒரு தட்டில் தண்ணீர். அதற்கு மேல் 'கே.ஐ.வி.'. இப்போதைக்குத் தொட வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்கும் காகிதங்களுக்கு இந்த நாட்டு ஆபீஸ்களில் அதுதான் பெயர். இறைச்சி அதில்தான் கிடந்தது. உச்சியில் 'இரகசியம்'. அதில் உப்பும் மிளகும் மசாலாத் தூளும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை புகைபோடுவது என்று வைத்துக்கொண்டார். புரட்டாசியில் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு மட்டும் என்பதால் அந்த மாதம் மட்டும் கேபினெட்டுக்கு லீவு. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபைல் திறந்தார். முதல் ஃபைலுக்குக் கு/பு/1/81 என்று எண். கு என்றால் குலசேகரம், பு என்றால் புகை. எத்தனை மணிக்குத் தீ, எத்தனை மணிக்கு விறகு, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் ஏறும்.

அவர் தானே ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். தவமணியும் அதைத்தான் கேட்டாள். ஆனால் ஃபைலை எழுதிய குமாஸ்தாவே அதற்கு ஒப்புதல் கையெழுத்தும் போட முடியாது. மேலதிகாரி ஒருவர் வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய மனிதரிடம் இதைப் பற்றி வாதம் செய்து பயனில்லை.

மேலதிகாரிக்கு அவர் தூரம் போகவில்லை. அக்கா நல்லம்மாவின் கணவர் கதிர்காமநாதன் கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் இருந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குலசேகரத்துக்கு ஆறு வயது மூத்தவர். கருகருவென்று சாயமடித்த மீசை, கஞ்சி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. தன் உடம்பில் எதுவும் குறைந்துவிட்டதாக ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். வயதில், பதவியில், உறவில் எல்லாவற்றிலும் மேலே. ஒப்புதல் அதிகாரிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

முதல் சனிக்கிழமை அத்தான் ஃபெரி ஏறி வந்தார். போர்ச்சில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டிருந்தது. ஐந்து மணி நேரம் இருவரும் கேபினெட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். குலசேகரம் கே.ஐ.வி. இழுப்பறையை இழுத்து, இடுக்கியால் ஒரு விலாவை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். அத்தான் கடித்தார். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எலும்பு முறிந்த சத்தம் என்று குலசேகரம் மகிழ்ந்தார். அத்தான் முகத்தைத் திருப்பி இரண்டு முறை இருமினார். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, மடித்து, கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். பிறகு உதட்டை அதிகம் திறக்காமல் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், குலம்."

குலசேகரம் மகிழ்ந்துபோனார். வெறும் பாராட்டு என்றால் யாரும் சொல்லிவிடலாம். இது விஷயம் தெரிந்த ஆளின் பேச்சு. விலாவைத் திரும்ப உள்ளே வைத்து இன்னும் இரண்டு மணி நேரம் புகைபோட்டார். ஃபைலில் எழுதினார்: '4.10. அத்தான் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்றார். அவ்வாறே செய்யப்பட்டது.'

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது விலா கறுத்துச் சுருங்கி, தட்டில் வைத்தால் கரண்டி விழுந்த சத்தம் போட்டது. அத்தான் அதைத் தொடவில்லை. "கட்டிக் குடு. வீட்டுல போய் உங்க அக்காவோட சாப்பிட்டுக்கிறேன்" என்றார். குலசேகரம் அலுமினியத் தாளில் சுற்றி, ஃபைல் கட்டும் பச்சைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, எண் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் இதுவே நடந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து அத்தான் கடித்துப் பார்க்கவும் இல்லை. இழுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பார், மூக்கால் ஒருமுறை இழுப்பார், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்பார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வயதாகிறது, தூக்கம் வருகிறது என்று குலசேகரம் சத்தம் போடாமல் விறகு தள்ளுவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இழுப்பறை, மறுபடி அதே வாக்கியம். இறைச்சி கல்லாவதைக் குலசேகரம் கவனிக்காமல் இல்லை. உயர்ந்த ரசனைக்கு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தன் பங்கை அவர் விசுவாசமாக மென்றார். ஈப்போவில் வேலை பார்த்த மகன் ஒரே ஒரு முதல் சனிக்கிழமை வந்துவிட்டுப் போய், சுத்த சைவத்துக்கு மாறிவிட்டதாகக் கடிதம் எழுதினான்.

மீரா சாகிப்பும் ஒரு தடவை வாங்கிக்கொண்டார். மறுநாள் "நல்லா இருந்துச்சு அண்ணே, ஆனா டாக்டர் ஆட்டுக்கறி வேணாம்ட்டாரு" என்றார். புகை அவர் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, துணி, தலையணை, காசு மாற்ற வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நோட்டு எல்லாவற்றிலும் ஏறியது. அவர் மரியாதைக்காரர், நேராகச் சொல்ல வாய் வரவில்லை. விறகு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். தன் வீட்டுக் கொல்லையிலிருந்து மதிலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ரம்புத்தான் கிளைகளிலிருந்து. ஒருநாள் ஆளைக் கூப்பிட்டு மரத்தையே அடியோடு வெட்டிப்போட்டார். மாலையில் குலசேகரம் கண் கலங்க அவர் வாசலில் நின்றார். தனக்காக ஒரு முழு மரத்தை வெட்டிக் கொடுத்த அண்டை வீட்டுக்காரரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கையில் நன்றிக்கு ஒரு முழு ஆட்டுத் தொடை வைத்திருந்தார். அந்த மரம் நான்கு வருடத்துக்கு விறகானது.

1992-இல், ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுபத்திரண்டு வயது. நோய் நொடி என்று ஒன்றும் படுக்கவில்லை. குலசேகரம் முதல் மூன்று நாள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் செய்தார். நான்காம் நாள் காலை, மறுநாள் முதல் சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுதார்.

குலசேகரம் குடும்பத்தைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவக் குடும்பங்களில் 'எட்டுச் செலவு' என்று ஒன்று உண்டு. சாவுத் தீட்டான துடக்கு உள்ள வீட்டில் மற்ற நாளெல்லாம் மரக்கறிதான். எட்டாம் நாள் மட்டும், இறந்தவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பினாரோ, மீனோ இறைச்சியோ சுருட்டோ பிராந்தியோ, அதையெல்லாம் வாழையிலையில் படைத்துவிட வேண்டும். பிடித்தது எதையாவது விட்டுவிட்டால் ஆத்மா அதற்காக வாசலில் நிற்கும் என்பார்கள். ஐந்தாம் நாள் செபராங் ஜெயா வீட்டில் நல்லம்மா, உறவுக்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். குலசேகரம் எழுதினார். இடியப்பம், சொதி, புட்டு, நண்டுச்சாறு, கதலி வாழைப்பழம், பாலில் ஊறவைத்த ரொட்டி, கொஞ்சம் பிராந்தி. எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்குகிற சாப்பாடு. குலசேகரத்துக்கு அப்போது அது உறைக்கவில்லை.

"விலாவ விட்டுட்டீங்களே அக்கா."

உறவுக்காரர்கள் நல்லம்மா பக்கம் திரும்பினார்கள்.

"பதினோரு வருசமா மாசாமாசம் ஃபெரி ஏறி வந்தாரு. அத வைக்காம வேற எத வைக்கிறது? நான் பண்ணுறேன். இந்தத் தடவை எட்டு மணி நேரம் போடப் போறேன்."

நல்லம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து, பட்டியலில் எட்டாவதாக 'விலா' என்று எழுதிக்கொண்டிருந்தார். இவ்வளவு வருடத்தில் ஒருமுறைகூட அத்தான் வாயால் 'நல்லா இருக்கு' என்று வந்ததில்லை. இந்த இலையில் ஏறிவிட்டால் அதுதான் ஒப்புதல். கண்ணை மூடினாரோ இல்லையோ, பிடித்ததென்று ஊர் அறியப் படைத்தாகிவிடும். அதை விட்டால் இனி அந்த ஃபைல்களில் கையெழுத்துப் போட உலகத்தில் ஆள் இல்லை.

"தம்பி, கொஞ்சம் பின்னால வா."

அவள் அவரைச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே ஐஸ்கிரீம் கடையில் இருப்பதுபோல் ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசர். அதன் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் புதிதாக இன்னொன்று. நல்லம்மா இரண்டின் மூடியையும் தூக்கினாள்.

வெள்ளித்தாள் பொட்டலங்கள், ஃபைல்களை அடுக்குவதுபோல் நிறுத்தி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சைக் கயிறு, கயிற்றில் எண். கு/பு/2/81-இலிருந்து தொடங்கி, வருட வாரியாக, இடையில் அட்டை வைத்துப் பிரித்து, போன மாதத்து கு/பு/122/92 வரை. குலசேகரத்துக்கு முதலில் தோன்றியது, வரிசை கொஞ்சமும் பிசகவில்லையே என்பதுதான். தன்னுடைய ஆபீஸில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக அடுக்கியதில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு கயிறும் அவிழ்க்கப்படவில்லை என்பதைப் பார்த்தார்.

"ஒண்ணுகூடவா சாப்பிடல?"

"ஒண்ணாம் நம்பர மட்டும் பிரிச்சோம் தம்பி. ராத்திரி பூரா ஊற வச்சேன். குக்கர்ல எட்டு விசில் விட்டேன். அம்மிக்கல்லுல போட்டு நசுக்கிக்கூட பாத்தாரு. முடியல லா."

"ஏன்? அத்தானுக்குப் பல்லு நல்லாத்தானே இருந்துச்சு."

நல்லம்மா ஃப்ரீசர் மூடியை மெல்ல இறக்கினாள். "எழுபத்தொன்பதுலயே எல்லாத்தையும் புடுங்கியாச்சு. மேல, கீழ, ரெண்டும் கட்டுப்பல்லு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. மொத நாளு உன் வீட்டுல கடிச்சாரே, கீழ்ப்பல்லு ரெண்டா ஒடஞ்சிருச்சு. கைக்குட்டையில சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாரு."

குலசேகரம் காதில் அந்த 'டக்' மறுபடி கேட்டது.

"அப்புறம் எதுக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்னாரு?"

"வெளிய எடுத்தா திங்கச் சொல்லுவியே தம்பி."

அவர் ஃப்ரீசர் மேல் உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருடக் கணக்கு தலைகீழாகப் புரண்டது. அத்தான் கிடக்கட்டும் என்றதால் கிடந்தது. கிடந்ததால் கல்லானது. கல்லானதால் தின்ன முடியவில்லை. தின்ன முடியாததால் அடுத்த மாதமும் கிடக்கட்டும் என்றார். நூற்று இருபத்திரண்டு ஆட்டின் விலாக்கள் ஒரு கட்டுப்பல் கௌரவத்துக்காகக் கல்லாகிவிட்டன. முதல் நாள் ஐந்து மணி நேரத்தில் எடுத்திருந்தால் ஒருவேளை நன்றாகவே இருந்திருக்கும். அதை நினைத்தபோது அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"தூக்கிப் போட்டிருக்கலாமே அக்கா. நாய்க்குக் குடுத்திருக்கலாம். எதுக்கு ரெண்டு ஃப்ரீசர்?"

"நானும் அதான் சொன்னேன். கேட்டாத்தானே. 'நம்பர் போட்டுக் குடுத்திருக்கான், ஃபைலத் தூக்கிப் போட நமக்கு அதிகாரம் இல்ல'ன்னுட்டாரு."

குலசேகரம் தலையசைத்தார். அது சரியான நடைமுறைதான்.

"இருந்தாலும் அத்தான் என்ன ஏமாத்திட்டாரு" என்றார். "ஒரு ஆளுக்காவது பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

நல்லம்மா உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். கஞ்சி போட்டு, கசங்கிய வெள்ளைச் சட்டை. துவைக்கவில்லை. குலசேகரம் அதை மூக்கருகில் கொண்டுபோனார். ரம்புத்தான் புகை.

"போன மாசம் உன் வீட்டுக்கு வந்தப்போ போட்டது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அடுத்த தடவை வர்ற வரைக்கும் துவைக்க விடமாட்டாரு. வாசம் போயிருமாம். வீட்டுல வாயே தொறக்காத மனுசன், உங்கிட்ட வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குக் கத சொல்லுவாரு. குலம் இத்தன மணிக்கு வெறகு போட்டான், காத்து இந்தப் பக்கம் திரும்புச்சு, மீரா சாகிப் ஜன்னல சாத்துனாருன்னு. அங்க உக்காந்தா ஒண்ணும் பேச வேண்டாம், ஒண்ணும் செய்ய வேண்டாம், அதுதான் நல்லா இருக்குன்னு சொல்வாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவருக்குப் பிடிச்சத வைக்கணும்னா விலா இல்ல தம்பி. புகை. நீ அந்தப் பெட்டிய இங்க கொண்டுட்டு வா."

"இறைச்சி இல்லாம வெறும் புகையா? அது முறையில்லையே அக்கா."

"சாம்பிராணிக்குள்ள இறைச்சியா இருக்கு?"

குலசேகரம் பட்டியலை எடுத்து 'விலா' என்பதை ஒரே கோடாக அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்தார். பக்கத்தில் 'புகை' என்று எழுதினார்.

எட்டாம் நாள் காலை, கார்த்திகேசு என்ற லாரிக்காரரின் சின்ன லாரியில் கேபினெட் ஏறியது. பாலத்தில் போகலாம் என்றார் கார்த்திகேசு. அத்தான் எப்போதும் ஃபெரியில்தான் வந்தார், ஃபெரியில்தான் போக வேண்டும் என்றார் குலசேகரம். தவமணி முன்சீட்டில் ஏறினாள். மீரா சாகிப் கடையைச் சாத்திவிட்டு, கடைசியாக மிச்சமிருந்த ரம்புத்தான் கட்டைகளுடன் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஃபெரியின் கீழ்த்தட்டில் லாரி நின்றது. கயிறு கட்டி நிமிர்த்தி வைத்த கேபினெட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. மலாய்க்கார ஊழியர் ஒருவர் அதைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் குலசேகரம். ஒன்றும் இல்லாத பெட்டியை எதற்கு அக்கரைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். கொளுத்துவதற்கு என்றார் குலசேகரம். அந்த ஆள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

பாதிக் கடலில் மீரா சாகிப் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்த மரத்த நான் உங்களுக்காக வெட்டல. புகை தாங்காமத்தான் வெட்டுனேன்."

"சரி பாய்."

"கோவமா?"

"இந்த வாரம் எல்லாரும் உண்மை பேசுறீங்க. பரவால்ல. மரம் நல்ல மரம்."

செபராங் ஜெயா வீட்டில் நடுக்கூடத்தில் அத்தானின் படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தது. கேபினெட்டைப் போர்ச்சில் வைத்தார்கள். வாசல் வழியாக நேராகப் படம் தெரிந்தது. நல்லம்மா இரண்டு நாற்காலிகள் கொண்டுவந்து போட்டு, ஒன்றின் முதுகில் அந்தச் சட்டையை மாட்டினாள். குலசேகரம் புது ஃபைல் ஒன்றைத் திறந்தார். கு/பு/123/92. பதினோரு மணிக்கு 'முடிந்தவை' இழுப்பறையில் தீ வைத்தார்.

எதையும் அவர் குறைக்கவில்லை. தண்ணீர்த் தட்டை நிரப்பினார். மணிக்கு ஒருமுறை எழுந்து கே.ஐ.வி. இழுப்பறையை இழுத்து உள்ளே பார்த்தார். வெறும் கம்பித் தட்டு. '12.00. பார்க்கப்பட்டது. ஒன்றும் இல்லை.' '1.00. பார்க்கப்பட்டது. ஒன்றும் இல்லை. காற்று தெற்கு.' புகை வாசலில் நுழைந்து, கூடத்தில் பரவி, இடியப்பத்தின் மேலும் புட்டின் மேலும் அத்தானின் கறுத்த மீசையின் மேலும் தங்கியது. உறவுக்காரர்கள் இருமிக்கொண்டே தேவாரம் பாடினார்கள். சித்தப்பா முறையில் ஒரு கிழவர், மூன்று மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் வந்து, எப்போது இறக்குவீர்கள் என்று தட்டோடு நின்றார். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்று தவமணி எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இவ்வளவு வாசமாக ஒன்றும் இல்லாமல் இருக்காது என்று திரும்பிப் போனார்.

நான்கு மணி தாண்டியதும் குலசேகரம் எழுதுவதை நிறுத்தினார். எழுத ஒன்றும் இல்லை. நாற்காலியில் சாய்ந்தார். பேச வேண்டியதில்லை, செய்ய வேண்டியதில்லை. புகை முகத்தில் பட்டது. பக்கத்து நாற்காலியில் சட்டை லேசாக ஆடியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, தன் கண் மூடியிருப்பதைத் திடீரென்று உணர்ந்தார். தானாக மூடியிருந்தது.

அத்தானும் இப்படித்தான் சாய்ந்திருந்தார். இதே நாற்காலிக் கோணம், இதே புகை, மாதத்துக்கு ஐந்து மணி நேரம், பதினொரு வருடம். அது தூக்கம் இல்லை. குலசேகரம் ஒரே ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பக்கத்து நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். குலசேகரத்துக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. புகையால் என்று நினைத்து யாரும் கேட்க மாட்டார்கள், அந்த வசதி இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் நல்லம்மா வாசலுக்கு வந்தாள்.

"போதும் தம்பி. படைச்சாச்சு. எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க. அந்தத் தீய அணைச்சிட்டு உள்ள வா."

குலசேகரம் எழுந்தார். கே.ஐ.வி. இழுப்பறையை இழுத்து, உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தார். மூக்கால் ஒருமுறை இழுத்தார். மெல்ல உள்ளே தள்ளி மூடிவிட்டு, நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், அக்கா."